பதினோராம் பக்கத்துப் பிழை என்னுடையது

என் அன்பு மச்சான் மஹ்ரூபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ பதில் சலாம் சொல்லியிருப்பாய். எனக்குத்தான் கேட்கவில்லை. இப்போது இடது காது வேறு மந்தமாகிவிட்டது. அதையும் சேர்த்துப் பொறுத்துக்கொள்.

உனக்கு எழுதும் கடிதத்தை எந்தப் பெட்டியில் போடுவது? முகவரி இல்லை என்று திரும்பி வரும், வருவதற்கு முன்னால் நாலு பேர் பிரித்துப் படித்தும் விடுவார்கள். அதற்கு நானே பிரித்து வைத்துவிடலாம் என்று இந்தப் பத்திரிகையில் போடுகிறேன். ஊர் படிக்க வேண்டும். அதுதான் எனக்கும் வேண்டும். விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்கத் தொடங்கினால் நான் வேறெங்கோ போய்விடுவேன் என்று உனக்குத் தெரியும்.

வருகிற வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு உன் பௌதிகவியல் நோட்ஸ் புத்தகமாக வெளிவருகிறது. உன் பழைய மாணவர்கள் செய்கிறார்கள். அட்டையில் உன் பெயர் கொட்டை எழுத்தில். முன்னுரையில் ஒரு வசனம் போட இருந்தார்கள்: 'காலஞ்சென்ற ஆசிரியர் மஹ்ரூப் அவர்கள் விட்ட அடிப்படைப் பிழை ஒன்று இப்பதிப்பில் திருத்தப்பட்டுள்ளது.' மச்சான், அந்தப் பிழை உன்னுடையதல்ல. என்னுடையது.

சொல்லிவிட்டேன். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன். அதற்குள் ஊர்ப் புதினம் கேள்.

யுத்தம் முடிந்துவிட்டது. இரண்டு மாதமாகிறது. செய்தி வந்த அன்று கல்முனைச் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். வெடிச் சத்தம் கேட்டதும் சாய்ந்தமருதுக் கடைக்காரர்கள் பழக்கத்தில் இரும்புக் கதவுகளை இறக்கினார்கள். சந்தோச வெடி என்று தெரிந்ததும் ஏற்றினார்கள். நான் நின்ற மாவுக் கடையின் கதவு மட்டும் ஏற மறுத்துவிட்டது. அரை மணி நேரம் உள்ளே இருந்து வெளியே வந்தேன், தலை மீசையெல்லாம் கோதுமை மா. இத்தனை வருடம் சாயம் பூசி மறைத்த வயதை ஒரே நாளில் ஊர் பார்த்துவிட்டது. சமாதானத்தால் முதல் நட்டப்பட்ட ஆள் நான்தான்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வரிசையில் நடக்கச் சொல்வது குறைந்துவிட்டது. ஆனாலும் அந்த மண்மூட்டைச் சோதனைச் சாவடி வந்ததும் எல்லோருடைய கையும் தானாகச் சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தேடுகிறது. போகிறது போய்க்கொண்டே இருக்கும், நிற்கிறது நின்றுகொண்டே இருக்கும், வெளியிலிருந்து ஒரு விசை வந்து மாற்றும் வரை. உன் நோட்ஸில் ஐந்தாம் பக்கம், சடத்துவம். பார், எனக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

கடல் அதே இடத்தில்தான் இருக்கிறது. நாங்கள்தான் கொஞ்சம் தள்ளி உட்காருகிறோம்.

பரீதா நன்றாக இருக்கிறாள். அதே வீட்டில்தான். உன் வீடு என்று எழுத வந்த கையை மடக்கிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வருவது. வீடு என் தங்கச்சியின் பெயரில். நீ வந்த மாப்பிள்ளை. வந்த அன்று உன் கைப்பெட்டியைத் திறந்து பார்த்தது நான்தான், இப்போது ஒப்புக்கொள்கிறேன். உள்ளே இரண்டு சாரம், தொங்கவிட்டு நிறுக்கிற ஒரு விற்றராசு, ஒரு நிறுத்தற் கடிகாரம். வாப்பா எட்டிப் பார்த்துவிட்டு என் காதில் கேட்டார்: "மாப்பிள தராசோட வந்திரிக்காரு. எங்கட பொண்ண நிறுத்துப் பார்த்துத்தான் எடுப்பாரோ?"

அந்தத் தராசை வைத்து உம்மாவுக்கு நீ எடுத்த பாடம் நினைவிருக்கிறதா? "மாமி, திணிவு வேற, நிறை வேற. திணிவு எண்டது உங்கட உடம்புல இரிக்கிற சாமான். எங்க போனாலும் அது மாறாது. நிறை எண்டது பூமி உங்கள இழுக்கிற விசை. சந்திரனுக்குப் போனீங்க எண்டா அது ஆறுல ஒரு பங்குதான்."

உம்மாவின் உடம்புதான் உனக்குத் தெரியுமே. முழங்காலைத் தடவிக்கொண்டு கேட்டாள்: "அப்ப அங்கால ஒரு வளவு பாருங்க மருமகன். இந்த முழங்கால் உளைவு தாங்க ஏலாம இரிக்கு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உனக்கு மதிப்பு. சந்திரனில் வளவு பார்க்கிற மருமகன் வேறு யாருக்குக் கிடைத்தான்? சோறு கொதிக்கும் நேரத்தை நிறுத்தற் கடிகாரத்தில் பிடித்துப் பரீதாவிடம் பேச்சு வாங்கினாய். மற்றபடி எங்களில் யாரோடும் நீ எதிர்த்துக் கதைத்ததில்லை. பெண் வீட்டில் இருக்கும் மாப்பிள்ளையின் அடக்கம் அது. அதிலும் நான் பெண்ணின் காக்கா, கூடப் பிறந்த அண்ணன். நான் உன்னை நீ, வா, போ என்பேன். நீ கடைசி வரைக்கும் "நீங்க மச்சான்" என்றாய். அந்த 'நீங்க'தான் இத்தனைக்கும் காரணம் என்று போன கிழமைதான் விளங்கியது.

உன் கையெழுத்து இருக்கிறதே, ஈர மணலில் நண்டு ஓடிய மாதிரி. பிள்ளைகளுக்கு நோட்ஸ் அடித்துக் கொடுக்கலாம் என்று நீ யோசித்த அந்த வருடம், ஸ்டென்சிலில் எழுதித் தருகிறேன் என்று முன்னால் வந்தது நான். தமிழ் வாத்தியார், பரிசு வாங்கிய கையெழுத்து, ஊர்ப் பத்திரிகையில் பகிடி எழுதுகிற பேர்வழி. மெழுகுத் தாளில் ஊசிப் பேனாவால் கீறி எழுதி, றோணியோ மெசினில் சுற்றி எடுப்பது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள். நீ உன் தாள் கட்டைத் தரும்போது சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

"மச்சான், உள்ளபடி எழுதுங்க. ஒண்டும் மாத்த வேணாம்."

"டேய், நான் தமிழ் வாத்தி. உன்ட வசனமெல்லாம் உடுப்பில்லாம நிக்குது. ஒரு சட்டை போட்டு அனுப்புறனே."

"சட்டைய நீங்க போடுங்க மச்சான். உடம்ப மாத்திராதீங்க."

பத்துப் பக்கம் வரைக்கும் சட்டைதான் போட்டேன். பதினோராம் பக்கத்தில் உடம்பை மாற்றிவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு பந்து. நேரே மேலே எறிகிறோம். ஏற ஏற வேகம் குறைகிறது. உச்சிக்குப் போனதும் ஒரு கணம் வேகம் பூச்சியம். பிறகு இறங்குகிறது. இது எனக்கும் விளங்கியது. ஆனால் நீ அங்கே இன்னொன்றும் எழுதியிருந்தாய். உச்சியில் வேகம் பூச்சியமானாலும் ஆர்முடுகல் பூச்சியமல்ல என்று. ஆர்முடுகல் என்றால் வேகம் மாறுகிற வீதம், அது எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினையாகப் போனது. நின்றுவிட்ட பந்துக்கு வேகமே இல்லை, இல்லாத வேகம் எப்படி மாறும்? மீசையே இல்லாதவனுக்கு மீசை நரைக்குமா? மச்சான் களைப்பில் பிழையாக எழுதிவிட்டான், பாவம் என்று நினைத்தேன். உன்னை எழுப்பிக் கேட்கவில்லை. நீ பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்திருந்தாய். அன்போடு உன் பிழையைத் திருத்தினேன்.

'உச்சியை அடைந்த பந்து ஒரு கணம் ஓய்வெடுக்கும். வேகமும் பூச்சியம், ஆர்முடுகலும் பூச்சியம்.'

உச்சி, ஒரு, ஓய்வு. மூன்று மோனை. பின்னால் இரண்டு பூச்சியம், தாளம் மாதிரி. எழுதிவிட்டு இரண்டு தரம் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். அன்றைக்கு நான் அடைந்த சந்தோசத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது.

நீ இருந்த காலத்தில் அந்த வரியால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வகுப்பில் நீ தாளைப் பார்த்துப் படிப்பிக்கிறவனல்ல. சோக்கட்டியை மேலே எறிவாய், பிடிப்பாய், கேள்வி கேட்பாய். பிள்ளைகள் சரியானதை உன் வாயிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

கடல் எழும்பி ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, நாலரை வருடத்துக்கு முன், வகுப்பு பத்து மணிக்கு. கரும்பலகையில் படம் கீற நீ எட்டரைக்கே கடற்கரைக் கொட்டிலுக்குப் போய்விட்டாய். நான் ஒன்பது மணிக்கு முன் வருவதாகச் சொல்லியிருந்தேன். சொன்ன நேரத்துக்கு எங்கேயும் போகாதவன் என்பதால் நான் இருக்கிறேன். நீ சொன்ன நேரத்துக்கு முந்திப் போகிறவன். இதில் எனக்குப் பகிடி வரவில்லை. பின்னேரமே உன்னை அடக்கினோம். அந்த நாளைப் பற்றி நான் உனக்குச் சொல்ல என்ன இருக்கிறது? நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

உன் கையெழுத்துத் தாள், தராசு, கடிகாரம் எல்லாம் கொட்டிலோடு போயின. மிஞ்சியது பிள்ளைகளின் வீடுகளில் இருந்த றோணியோ நோட்ஸ். ஒருத்தர் கையிலிருந்து ஒருத்தருக்குப் போட்டோ கொப்பியாகி மருதமுனைக்குப் போனது, நிந்தவூருக்குப் போனது, உள்ளே சவளக்கடை வயல்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் போனது. நீ படிப்பிக்காத பிள்ளைகளெல்லாம் 'மஹ்ரூப் சேர் நோட்ஸ்' படித்துப் பரீட்சை எழுதினார்கள். வாய் போய்விட்டது மச்சான், தாள் மட்டும் கதைத்துக்கொண்டே இருந்தது. அதில் எந்த வரி அதிகம் மனப்பாடமானது என்று நினைக்கிறாய்? மோனை உள்ளதுதானே மனத்தில் நிற்கும். முப்பது வருடமாக எழுதுகிறேன், என் வரி ஒன்றை ஊரில் ஒருத்தன் திருப்பிச் சொல்லிக் கேட்டதில்லை. கடைசியில் ஒரு கரையோரமே மனப்பாடம் செய்த வரி ஒன்று அமைந்தது. அது பிழை. அதுவும் உன் பெயரில்.

போன கிழமை பரீதாவின் வீட்டு மண்டபத்தில் புத்தகக் கூட்டம். நாலைந்து பழைய மாணவர்கள், நான். நீ எடுத்த முதலாவது வகுப்பில் படித்த றியாஸ் வந்திருந்தான். இப்போது ஒலுவில் கம்பசில் விரிவுரையாளர், வயிறும் வைத்துவிட்டது. அவன் படித்த காலத்தில் நோட்ஸ் இல்லை, உன் வாய் மட்டும்தான். அவன்தான் இப்போது முழுவதையும் வரி வரியாகப் பார்த்திருக்கிறான்.

"சேர்ட நோட்ஸ் தங்கம்," என்றான். "ஆனா பதினோராம் பக்கத்துல பெரிய பிழை ஒண்டு இரிக்கு. விடைத்தாள் திருத்தப் போன இடத்துல மத்த ஊர் வாத்திமார் என்னப் பார்த்துச் சிரிச்ச. 'உங்கட பக்கத்துப் பிள்ளையள்ட பந்து மேல போனா இறங்காதாமே?' எண்டு கேட்ட."

"ஏன் இறங்காது?" இது ஒரு அப்பாவி. அதாவது நான்.

"வேகமும் இல்ல, வேகம் மாறவும் மாறாது எண்டா எப்பிடி சேர் இறங்கும்? பூச்சியம் பூச்சியமாவே இரிக்கும். பந்து உலகம் அழியிற கியாமத்து நாள் வரைக்கும் அங்கயே தொங்க வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும் விடச் சத்தமாக நான் சிரித்தேன்.

அறை வாசலில் நின்ற பரீதா சிரிக்கவில்லை. "அவர் அப்பிடி எழுதியிருக்க மாட்டாரு," என்றாள்.

"எழுத்துல இரிக்கே மாமி," என்றான் றியாஸ். குரலில் மரியாதைதான். "பெரிய மனிசருக்கும் பிழை வரும். நாங்க திருத்திப் போட்டு, முன்னுரையில ஒரு வசனம் சொல்லிருவம். இல்லாட்டி பழைய நோட்ஸ் வச்சிருக்கிற பிள்ளையள் குழம்பும்."

அவன் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. எல்லோரும் எழும்பிப் போனார்கள். நானும் செருப்பைத் தேடினேன். பரீதா என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"காக்கா, நீங்கதானே கையால எழுதின. அவர் தந்த தாள்ள என்ன இருந்த?"

"எங்க புள்ள ஞாபகம்? எட்டு வருசமாகுது."

"ம்," என்றாள். அவ்வளவுதான். வழக்கமாக நான் கிளம்பும்போது கேற் வரைக்கும் வந்து என் சீனி வருத்தத்தைப் பற்றி நாலு புத்தி சொல்லுவாள். அன்றைக்கு வரவில்லை.

அடுத்த நாள் காலையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் வாழ்நாளில் நேர்வழியை யோசித்ததில்லை என்பது உனக்குத் தெரியும். பள்ளிவாசல் ஒழுங்கையில் ஜுனைத்தின் போட்டோ கொப்பிக் கடை இருக்கிறது. உன் நோட்ஸின் மூலப்பிரதி அங்கேதான், எல்லோரும் அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். அதில் அந்த வரியை டிபெக்ஸ் பூசி அழித்து, மேலே சரியானதை எழுதிவிட்டால்? பிறகு றியாஸிடம் போய் 'இதைப் பார், சரியாகத்தானே இருக்கிறது, உன்னிடம் வந்த கொப்பிதான் மோசம்' என்று சொல்லலாம். உன் பெயரும் தப்பும், என் பெயரும் தப்பும். டிபெக்ஸ் போத்தலைச் சாரத்து மடியில் கட்டிக்கொண்டு போனேன்.

ஜுனைத் உன் கடைசி வகுப்புகளில் ஒன்றில் படித்தவன். பௌதிகவியல் அவனுக்கு வரவில்லை. வாய் நன்றாக வரும்.

"மனே, மஹ்ரூப் சேர்ட மாஸ்டர் கொப்பிய ஒருக்காத் தா. ஒரு கமா விடுபட்டுப் போச்சு."

தந்தான். கடை வாங்குப் பலகையில் திரும்பி உட்கார்ந்து, முதுகால் மறைத்துக்கொண்டு தூரிகையை எடுத்தேன். தோளுக்கு மேலால் குரல் வந்தது.

"பதினோராம் பக்கமா சேர்?"

கையிலிருந்த போத்தல் சாரத்தில் கொட்டிவிட்டது. "உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அந்தப் பக்கம் வந்தா மஹ்ரூப் சேர் எல்லாரையும் தாள மூடச் சொல்லுவாரே! 'இந்த இடத்துல தாளப் பார்க்காதீங்க, என்ட வாயப் பாருங்க' எண்டு. ஒவ்வொரு வருசமும் அப்பிடித்தானாம். எங்கட காக்காட வகுப்பிலயும் சொன்னதாம்."

"ஏனாம்?"

"எங்கட வகுப்புப் புள்ள ஒண்டு கேட்ட, 'ஏன் சேர், தாள்ள பிழையா?' எண்டு. சேர் சிரிச்சிட்டுச் சொன்ன: 'எழுதினவரு எங்கட வீட்டு ஆள். திருத்தினா கோவிச்சுக்குவாரு. எனக்குச் சோறு அந்த வீட்டுலதானே?' வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்ச."

ஜுனைத் இப்போதும் சிரித்தான். பிறகு என் சாரத்தைப் பார்த்தான், போத்தலைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். மெல்ல உள்ளே போய் மெசினை ஓட்டத் தொடங்கிவிட்டான். அவனுக்கு அறிவில்லை என்று நான் இனிச் சொல்லமாட்டேன்.

உனக்குத் தெரிந்திருக்கிறது மச்சான். நோட்ஸ் அடித்த நாளிலிருந்து நீ போகும் வரை, மூன்று வருடம், தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரே முற்றத்தில் இருந்து என்னோடு தேத்தண்ணீர் குடித்திருக்கிறாய், என் வசனங்களைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறாய். 'பதினோராம் பக்கத்தை மாத்தி எழுதித் தாங்க மச்சான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? நான் கோபித்திருப்பேனா?

கோபித்திருப்பேன். உன் தம்பியின் கலியாணத்துக்கு நான் எழுதிய வாழ்த்துப்பா கொஞ்சம் நீளம் என்று நீ சொன்னதற்கு இரண்டு மாதம் உன்னோடு கதைக்காமல் இருந்தவன் நான். பரீதா நடுவில் நின்று அழுதாள். நீ சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறாய். ஒரு வரியை வாயால் திருத்திவிட்டு வீட்டைக் காப்பாற்றினாய். உன் வாய் இல்லாமல் போகும் என்பது மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

அங்கிருந்து நேரே பரீதாவிடம் போனேன். வெள்ளை கொட்டிய சாரத்தோடு. குசினி வாசலில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கையில் கத்தி.

"புள்ள, அந்த வரி அவர்ர இல்ல."

"தெரியும்."

"என்ட."

கத்தி நின்றது. "பிழையெண்டு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"றியாஸ் அன்டைக்குச் சொன்னதும்..."

"காக்கா."

அவள் அப்படிக் கூப்பிட்டால் எனக்குப் பொய் வராது. உனக்கும் இப்போதுதான் சொல்கிறேன். எனக்கு மூன்று வருடமாகத் தெரியும். எங்கள் பள்ளி விஞ்ஞான டீச்சர் ஒருநாள் ஓய்வறையில் இதே வரியைக் காட்டி 'மஹ்ரூப் சேருமா இப்பிடி?' என்று வியந்தார். நான் 'எல்லாருக்கும் பிழை வரும் டீச்சர்' என்றேன். மௌத்தாகி மண்ணுக்குள் போனவனுக்கு இதனால் என்ன நட்டம், நான் இன்னும் வாத்தியாராக இருந்து பிழைக்க வேண்டுமே என்று மனத்துக்குள் நியாயம் வைத்தேன். அதற்குப் பிறகு மூன்று வருடப் பிள்ளைகள் அந்த வரியை மனப்பாடம் செய்து பரீட்சைக்குப் போனார்கள். இதைப் படிக்கிற பிள்ளைகளில் யாராவது அப்படி எழுதியிருந்தால், மக்களே, உங்கள் பந்தை மேலே தொங்கவிட்டவன் நான்தான்.

பரீதா எல்லாவற்றையும் கேட்டாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நல்லது.

"அவருக்கு இனி எழும்பி வந்து, 'நான் எழுதல்ல' எண்டு சொல்ல ஏலாது. அது தெரிஞ்சுதான் நீங்க பேசாம இருந்த," என்றாள். "எங்களுக்குப் புள்ளையுமில்ல. அவர்ர பேரச் சொல்ல அந்தக் கொப்பி ஒண்டுதான் இரிக்கு. அதுலயும்..."

கிழங்கை எடுத்து மறுபடி உரிக்கத் தொடங்கினாள். தோலோடு பாதிக் கிழங்கும் போனது. நான் வேறு வழியில்லாமல் ஜுனைத் சொன்ன கதையைச் சொன்னேன். தாளை மூடச் சொன்னது, வாயைப் பார்க்கச் சொன்னது. 'எனக்குச் சோறு அந்த வீட்டுலதானே' என்ற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ட அல்லாஹ், அவரு சொல்லியிருப்பாரு," என்றாள். "அவர்ர கதைதான் அது." பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் கைத்தொலைபேசியைக் கேட்டாள். றியாஸுக்கு எடுக்கச் சொன்னாள்.

எடுத்துச் சொன்னேன். அவன் முழுவதையும் கேட்டான். பிறகு, "அப்ப முன்னுரைய மாத்துவம் சேர். ஆனா என்னெண்டு போடுற? அச்சுப் பிழையெண்டு போடட்டா?" என்றான். நல்ல பிள்ளை. எனக்கு ஒரு வாசல் திறந்து வைத்தான். நான் அதில் காலை வைப்பதற்குள் பரீதா போனைப் பறித்துவிட்டாள்.

"அச்சுப் பிழையில்ல மகன். லத்தீப் சேர்ட பிழை. முழுப் பேரையும் போடுங்க."

ஆக, நானும் ஒரு பௌதிகவியல் புத்தகத்தில் இடம்பெறுகிறேன்.

ஆனால் பிழையை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதைப் போடுவது? சரியான வசனத்தை றியாஸ் ஒரு நிமிசத்தில் எழுதித் தருவான். பரீதா விடவில்லை. "அவர் எழுதினதுதான் வேணும். நீங்க பார்த்து எழுதின ஆள்தானே, யோசிங்க." யோசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். உன் நண்டுக் கையெழுத்து தெரிகிறது, தாளின் மடிப்புத் தெரிகிறது, கருத்தும் தெரிகிறது, உன் சொற்கள் மட்டும் வரவில்லை. அந்த இடத்துக்குப் போகும்போதெல்லாம் என் மோனை குறுக்கே வந்து நிற்கிறது. எட்டு வருடமாக நான் என் வரியைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். அதுவரை இதை வெறும் பிழை என்றுதான் நினைத்திருந்தேன் மச்சான். உன்னிடமிருந்து ஒன்றை எடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது.

"எனக்கு வருதில்ல புள்ள," என்றேன். இந்தத் தடவை பொய்யில்லை.

பரீதா கத்தியைக் கீழே வைத்தாள். "வகுப்புக்குப் போக முதல் எனக்குத் தேங்காய் துருவித் தருவாரு. துருவிக்கொண்டே அன்டைய பாடத்தச் சொல்லிப் பார்ப்பாரு. எனக்கு விளங்குதா எண்டு கேப்பாரு. விளங்காட்டி திருப்பிச் சொல்லுவாரு." சற்று நேரம் மேலே பார்த்தாள். பிறகு உன் குரலை, அந்தப் பொறுமையான இழுவையோடு, அப்படியே எடுத்துவிட்டாள்.

"பந்து மேல போய் நிண்ட மாதிரி இரிக்கும். வேகந்தான் பூச்சியம். பூமி இழுக்கிறத ஒரு கணங்கூட விடல்ல. விடாததாலதான் அது திரும்பி வருது."

கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன். எழுதும்போது என் கை சும்மா இருக்கவில்லை. 'நிண்ட' என்பதை 'நின்ற' ஆக்கு என்றது. 'விடல்ல'வை 'விடுவதில்லை' ஆக்கு என்றது. 'பூமி'க்கு ஒரு மோனை தேடு என்றது. பரீதா பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன யோசிக்கிறீங்க?" என்றாள். "ஒண்டுமில்ல," என்று அவள் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். வாங்கி, எழுத்தெழுத்தாகப் பார்த்து, மடித்து வைத்துக்கொண்டாள். அச்சுக்கு றியாஸிடம் அவளே வாசித்துச் சொல்லிவிட்டாள், தாளை என்னிடம் தரவில்லை. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தருவாளாம். அதுவரைக்கும் என் கையில் அது இருக்கக்கூடாதாம். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஆகவே மச்சான், வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஊர் முன்னால் எழுந்து நிற்பேன். என் பிழையை என் பெயரோடு முதலில் சொல்லுவேன். பகிடி விட்டுத் தப்ப மாட்டேன். யாராவது சிரித்தால் சேர்ந்து சிரிக்க மாட்டேன். பிறகு பரீதாவின் கையிலிருந்து அந்தத் தாளை வாங்கி, நீ சொன்னதை, நீ சொன்ன வாயோடு படிப்பேன். ஒரு எழுத்தையும் அழகாக்க மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் வசனத்தின் மேல் இனிக் கை வைக்காத,
உன் பரீதாவின் காக்கா,
உன் மச்சான்
லத்தீப்